நின்ற படி

திபிலீசி மெட்ரோவில், பதினெட்டு மாடி ஆழத்தில்,
கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பது என் வேலை.
மூன்று நகரும் படிக்கட்டு, ஒரு தொலைபேசி,
மேலே நடப்பதைக் காட்டும் சின்னத் திரை,
யாராவது விழுந்தால் மட்டும் இழுக்கவேண்டிய சிவப்புப் பிடி.

வியாழன்தோறும் நாலேகாலுக்குத்
திரையில் கூட்டம் இரண்டாகப் பிளக்கும்.
நடுவில் கல் கிடக்கிறது என்று அர்த்தம்.
கல்லின் பெயர் தெக்லா. ஒன்பது வயது.

நுனிக்காலில் நிற்பாள்.
மகிழ்ச்சியில் கால் பாவாது என்பார்கள்,
இவளுக்குத் தரையே இன்னும் வந்து சேரவில்லை.
முதுகுப் பையில் இரண்டு கிலோ அக்ரூட், ஓட்டோடு.
அது எதற்கென்று அவள் அப்பா மால்காஸ் ஒருநாள் சொன்னார்,
பற்றவைக்காத சிகரெட்டை உருட்டிக்கொண்டே:
"பை இல்லாவிட்டால் முதுகு எங்கே முடிகிறதென்று
அவளுக்குத் தெரியாது. சுவரில் மோதிப் பார்ப்பாள்.
குதித்துப் பார்ப்பாள்,
கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டும்வரை."

நான் பயம் என்று நினைத்திருந்தேன்.
அடம் என்றும்,
வளர்ப்பு என்றும்.
சீருடை போட்டவருக்கு எதையும் சட்டென்று நினைக்க வரும்.

பிறகு ஒரு நள்ளிரவு, கடைசி ரயில் போனபின்,
மேலே ஏறிப்போய் அவள் நிற்கும் இடத்தில் நின்றேன்.

உலோகச் சீப்பின் பல்லுக்கு அடியிலிருந்து
தரை தட்டையாக வருகிறது.
வந்து, மடிந்து, படியாகிறது.
எந்த நொடியில்?
கைப்பிடி படியைவிடக் கொஞ்சம் முந்தி ஓடுகிறது.
ஐந்து வருடமாக என் கையே அதை எனக்குச் சொல்லவில்லை.
எண்ணெய் வாடை. விளக்கின் ரீங்காரம்.
ஆழத்திலிருந்து ஏறிவந்து கழுத்தைத் தொடும் காற்று.
இத்தனையையும் என் உடல் என்னிடம் கேளாமல்
கூட்டிக் கழித்து, ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டது.
அவளிடம் இவை ஒவ்வொன்றும் தனித்தனியே வந்து
முழுப்பெயர் சொல்லி நிற்கின்றன போலும்,
எதுவும் எதற்கும் வழிவிடாமல்.

நவம்பரில் மின்சாரம் பழுதாகி மூன்றும் நின்றன.
மனிதர்கள் நடந்து இறங்கினார்கள்.
வேடிக்கை என்னவென்றால்,
நின்ற படியில் முதல் கால் வைத்த ஒவ்வொருவரும்
முன்னால் சாய்ந்து தடுமாறினார்கள்.
படி நிற்பதைக் கண் பார்த்துவிட்டது,
கால் நம்பவில்லை.
வக்கீல் சாய்ந்தார், போலீஸ்காரர் சாய்ந்தார்,
செலோ பெட்டி சுமந்த பெண் "ஐயோ" என்றாள்.
மால்காஸும்தான்.

தெக்லா சாயவில்லை.

இரண்டு பாதமும் முழுதாக ஊன்றி
ஒவ்வொரு படியையும் மிதித்தாள்,
தொம், தொம்,
முதுகில் அக்ரூட் உருண்டு பதில் சொன்னது.
இல்லாத ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க
அவள் உடல் எதையும் முன்கூட்டி எழுதிவைக்கவில்லை.
படி, படியாகவே இருந்தது.
கீழே வந்து என் கண்ணாடியில் இரு உள்ளங்கையும் வைத்து
மொத்த எடையையும் சாய்த்தாள். கூண்டு கிறீச்சிட்டது.
என்னைப் பார்க்கவில்லை.
சிவப்புப் பிடியைப் பார்த்தாள்.

அதன்பின் வந்த வியாழனில் மின்சாரம் நன்றாக இருந்தது.
கூட்டம் பிளந்தது. கல் நின்றது.
இருபது நிமிடம், முப்பது.
மால்காஸ் கடிகாரம் பார்க்கவில்லை; நான் பார்த்தேன்.
மூன்றாம் படிக்கட்டு வெறுமையாகும்வரை காத்திருந்து
பிடியை இழுத்தேன்.

இப்போது பாதி வழியில் இருக்கிறாள்.
தொலைபேசி அடிக்கிறது.
சுரங்கம் முழுதும் அடிக்கிறது.
அவள் காதைப் பொத்திக்கொண்டு
மறுபடி நுனிக்காலில் உயர்வதைப் பார்த்து
ஓடிப்போய் எடுத்தேன், பேசுவதற்காக அல்ல.
ஒலிவாங்கியை வயிற்றோடு அழுத்திக்கொண்டிருக்கிறேன்.
கோட்டுத்துணிக்குள் ஒருவர்
விழுந்தது யார், விழுந்தது யார் என்கிறார்.

ஒரு குதிகால் இறங்குகிறது.
அக்ரூட் உருள்கிறது.
இரு ஐயா, இரு.