கோப்பிக்கு முன் அரைமணி

ஈசூனில் ஐந்தேகால்.
ஒரு சின்ன வெள்ளை மாத்திரை, ஒரு குவளைத் தண்ணீர்.
இனி அரைமணிக்குக் கோப்பி கிடையாது.

போன வருடம் இதை நிறுத்திப் பார்த்தேன்.
தினம் இரண்டு பிரேசில் கொட்டை.
எதிர்வீட்டு சியூ லான் தூக்கில் கொண்டுவந்த கடற்பாசி சூப்.
வெறும் வயிற்றில் தேங்காயெண்ணெய், குமட்டக் குமட்ட.
முட்டைக்கோசுக்கு என் வீட்டில் தடை.

மூன்றாம் மாதம்
எம்ஆர்டியில் நான் மட்டும் ஸ்வெட்டரில்.
குளியலறை வடிகாலில் கொத்தாய் முடி.
மகனைக் கூப்பிட வாய் திறந்து
பெயர் வரும்வரை நின்றேன்.

பலதுறை மருந்தகத்தில் டாக்டர் ஹஸ்லினா
திரையைத் திருப்பிக் காட்டினார்: பதினெட்டு.
திட்டவில்லை.
"சூப்பைக் குறையுங்கள்,
மாத்திரையை விடாதீர்கள்,
நடப்பது உங்கள் இஷ்டம்."

இஷ்டப்பட்டேன்.
இப்போதெல்லாம் அந்த அரைமணியில்
பதினொரு மாடி படியிறங்கி
புளோக்கைச் சுற்றுகிறேன்.
குப்பைத்தொட்டிப் பூனைக்கு என்னைத் தெரியும்.
சியூ லானிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை,
சனிக்கிழமை சூப்பை வாங்கி
பாதியை மகனுக்கு ஊற்றுகிறேன்.

கோப்பிக்கடை ஷட்டர் கரகரவென்று ஏறுகிறது.
கடைக்காரர் கண்ணாடிக் குவளையை எடுத்துவிட்டு
என் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

இன்னும் நாலு நிமிஷம், அங்கிள்.