போதும்

எட்டு மாதமாய் அவரிடம் மிஞ்சியிருப்பது
ஒரே ஒரு சொல்.
பிறைக்கும் ஈப்போவுக்கும் லோரி ஓட்டியபோது
வழியெல்லாம் வாய் ஓயாத மனுஷன்.
இப்போது
தண்ணீருக்கும் போதும்.
மின்விசிறிக்கும் போதும்.
சிங்கப்பூர் மகள் கைப்பேசித் திரையில் கையசைத்தாலும்
போதும், போதும்.

கஞ்சிக் கரண்டியை உயர்த்திய கையோடு
எத்தனை முறை நின்றிருக்கிறேன்.
எது போதும்?
கஞ்சியா, நானா,
முப்பத்தோரு வருஷமா?
ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில், பதினான்காம் மாடியில்,
குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுத்தான்
அழ முடியும்.

வியாழக்கிழமை வகுப்புக்குப் போகச் சொன்னது
வார்டு மிஸ்ஸி.
அவரை யார் பார்ப்பது என்றேன்.
எதிர்வீட்டு சூ லெங் கேட்காமலே வந்து உட்கார்ந்தாள்,
பின்னல் நூலும் நாலு நம்பர் சீட்டுமாக.

வகுப்பில் பதினோரு பேர்.
பாதி மலாய், பாதி கைஜாடை.
விழுந்த பக்கத்துக் கையைப் பிடித்து இழுக்காதே,
தோள் நழுவிவிடும்.
முதுகை வளைக்காதே, முழங்காலை மடக்கு.
நான் இத்தனை நாள் செய்தது
எல்லாமே தப்பு.
யாரும் திட்டவில்லை.

ஜோடி பிரித்தார்கள்.
நான் நோயாளி. தூக்குபவர்
மனைவிக்காக வந்திருந்த மிஸ்டர் கூய்,
எழுபது இருக்கும், தைலம் மணக்கும் சட்டை.
என் இடுப்புப் பட்டையைப் பிடித்து
சத்து, டுவா, தீகா.
என் பாரத்தை இன்னொருவர் வாங்கிக்கொண்டது
எத்தனை காலத்துக்குப் பிறகு!
இன்னொரு தடவை என்றேன்,
பாடம் புரியாதவள் போல.

எல்லாரும் எழுந்த பிறகுதான் கேட்டேன்,
அந்தச் சொல்லைப் பற்றி.
பயிற்சி தந்த நோர்லிசா பேனாவை மூடி வைத்தாள்.
மூளையில் பேச்சு இருந்த இடம் இருண்டுபோனால்
சிலருக்கு ஒரு சொல் மட்டும்
கதவிடுக்கில் மாட்டிக்கொள்ளுமாம்.
எதைச் சொல்ல வந்தாலும்
அதுதான் முந்திக்கொண்டு விழுமாம்.
கெடாக்காரர் ஒருவருக்கு மிஞ்சியது
'செலாசா', செவ்வாய்க்கிழமை.
படத்தைக் காட்டு, கேள்,
பத்து எண்ணும்வரை காத்திரு.
அவர் உள்ளேதான் இருக்கிறார்.

பஸ்ஸில் எண்ணிக்கொண்டே வந்தேன்.
பத்து எவ்வளவு நீளம்.

குவளை, போர்வை, கழிவறை, மின்விசிறி
வரைந்த அட்டை இப்போது கட்டிலோரம் தொங்குகிறது.
குவளையைத் தொட்டுப் போதும் என்பார்.
கொடுப்பேன்.
எல்லா நாளும் சரியாக வருவதில்லை.
நேற்று ஆறு எண்ணுவதற்குள் கத்திவிட்டேன்.

இன்று இரவு பதினொன்றே கால்.
துவைத்த விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன்.
படுத்தபடி என்னையே பார்த்திருந்தவர்
அட்டைப் பக்கம் கையை நீட்டவில்லை.
போதும் என்றார்.
எண்ணினேன், பத்து வரைக்கும்.
அப்புறமும் கொஞ்சம்.
மாட்டிக்கொண்ட சொல்லா, சொல்ல வந்த சொல்லா,
நோர்லிசாவுக்கும் தெரிந்திருக்காது.
மிச்ச விரிப்பைக் கூடையிலேயே போட்டுவிட்டு
விளக்கை அணைத்தேன்.