கட்டம் ஒன்பது

நார்த் டகோட்டா. மைனஸ் இருபத்திரண்டு.
பேனா மை உறைந்திருந்தது; அக்குளில் செருகிக்கொண்டேன்.
படிவத்தில் பதினாறு கட்டங்கள்.

புதிய பாடத்தரம் சுவரில் இருந்தது,
எழுத்துப் பிசகாமல்.
புதிய புத்தகங்கள் பிரிக்காத பெட்டியில்;
பெட்டிமேல் வெள்ளெலிக் கூண்டு.
அதற்குக் கட்டம் இல்லை.

வெர்னா டீச்சர் பழைய பாடத்துக்குப்
புதுச் சொல் உடுத்தி நடத்தினார்.
எனக்குப் புரிந்துவிட்டது அவருக்கும் புரிந்தது.

ஆர்லோ எழுந்தான்:
"டிராக்டர்ல முக்கால் டேங்க் டீசல்.
அண்ணன் பாதியை எடுத்துட்டான். மீதி?"
"எதுல பாதி? டேங்க்லயா, இருந்ததுலயா?"
என்றாள் மார்னி.
அவ்வளவுதான், வகுப்பு இரண்டாய்ப் பிளந்தது.
மேசைகள் நகர்ந்தன.
"மன்னிக்கணும், எப்பவும் இப்படிக் கத்தமாட்டாங்க."

ஒன்பதாம் கட்டம்:
மாணவர் ஒருவர் மற்றவரின் தர்க்கத்தை வினவுகிறார்.
பேனா எழுதவில்லை.
வெர்னா பென்சில் நீட்டினார்.
படிவத்தின் அடியில், பொடி எழுத்தில்:
பென்சில் செல்லாது.