இரண்டு ஐம்பத்தேழு

வின்னிபெக்கில் இன்றிரவு மைனஸ் முப்பத்தொன்று.
மருத்துவமனையின் அடித்தளத்தில் மட்டும்
வருடம் முழுக்க ஒரே மார்கழி, பதினெட்டு டிகிரி.
கையெழுத்து வாங்கிக்கொண்டு ரோமெல் கதவைத் திறக்கிறார்.

வேலைக்கான காரணம் என்ற கட்டத்தில்
'முதலாவதைக் கொன்று பார்ப்பது' என்று எழுதியிருந்தேன்.
மேலாளர் அடித்துவிட்டு
'மீள்திறன் பரிசோதனை' என்று திருத்தியிருந்தார்.

ஒரே சட்டகத்தில் மேலும் கீழுமாய் இரண்டு சுவிட்சுகள்.
மேலே இருப்பது வேலை செய்கிறது.
கீழே இருப்பது
அது வேலை செய்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.
நொடிக்கொரு தடவை
இருக்கிறாயா
இருக்கிறேன்
இருக்கிறாயா
இருக்கிறேன்

மூன்று முறை பதில் வராவிட்டால் செத்ததாகக் கணக்கு.
அழுகை கிடையாது, பதினாறாம் நாள் கிடையாது.
செத்ததன் முகவரியை எடுத்து உடுத்திக்கொண்டு
எழுந்து நடக்கவேண்டியதுதான்.

ஐந்து வருடமாய் அதற்கு ஒருநாளும் வேலை வரவில்லை.
பட்ஜெட் கூட்டத்தில் ஒருவர் கேட்டார்:
அந்த இரண்டாவது எதற்கு?
எங்கள் ஊரில் அதற்குத் தண்டச்சோறு என்று பெயர்.
நான் அதை அவருக்கு மொழிபெயர்க்கவில்லை.

இரண்டு ஐம்பத்தேழு.
இரண்டு பவர் கேபிள்களையும் ஒன்றாகப் பிடுங்கினேன்.
விசிறிகள் ஓய்ந்த பிறகுதான் தெரிந்தது
இவ்வளவு நேரமும் அவை இரைந்துகொண்டிருந்தது.
திரையில் வரிசையாய் இறங்கும் பதில்களில்
ஒரே ஒரு வரி இல்லை.
அவ்வளவுதான்.
நாலு மாடிக்கு மேலே
ஒரு குழந்தையின் பொட்டாசியம் அளவுக்காகக் காத்திருந்த நர்ஸ்
கண்கூட இமைத்திருக்க மாட்டாள்.

மூச்சு விட்டேன்.
மூன்று பத்துக்கு அலாரம்.
மூன்றாம் மாடி, பதினேழாவது போர்ட்
தன்னைத்தானே அடைத்துக்கொண்டது.

ஓடினேன். லிஃப்ட்டுக்குக்கூட நிற்கவில்லை.
வந்தவன் திருடனா, யார் கொண்டுவந்த இயந்திரம்,
யாருடைய முகவரியைப் போட்டுக்கொண்டு?

துடைப்பத்தோடு செனைத் நின்றிருந்தாள்.
தரையில் கிடந்த கேபிள் நுனியை
ஈரம் படாமல் துடைத்து
பக்கத்தில் கண்ட துளையில் செருகியிருக்கிறாள்.
மறுநுனியும் அதே சுவரில்.
வாலைக் கவ்விய பாம்பு.
ஒரு வார்த்தை தன்னையே சுற்றிச் சுற்றிப் பெருகி
சில நொடியில் கட்டடத்தையே அடைத்திருக்கும்.
போர்ட் தன் குரல் தன்னிடமே திரும்பி வந்ததைக் கேட்டது,
சந்தேகப்பட்டது,
கதவைச் சாத்திக்கொண்டது.

"எதையாவது உடைத்துவிட்டேனா?"
இல்லை என்றேன்.
"யாராவது தடுக்கி விழுந்தால்... அதனால்தான்."

நாற்பது பக்கத்துக்குப் பாதுகாப்பு விதிகள் எழுதியவள் நான்.
களவுக்கு ஒரு அத்தியாயம், வேஷத்துக்கு இரண்டு.
அக்கறைக்கு ஒரு வரி இல்லை.

கீழே வந்து முதலாவதற்கு உயிர் கொடுத்தேன்.
கண் விழித்தது, தன் இடத்தில் இன்னொன்றைப் பார்த்தது.
பதவியைத் திருப்பிக் கேட்கவில்லை.
கேட்கக் கூடாதென்று நான்தான் எழுதிவைத்திருக்கிறேன்.
கேட்டுக்கொண்டிருக்கும் வேலை இனி அதற்கு.

ஒரு சிக்கல் உண்டு.
நடுவில் உள்ள கம்பி அறுந்தாலும்
கேட்பது இதே மௌனம்தான்.
செத்தது எதிரே இருப்பதா, கம்பியா என்று தெரியாமல்
இரண்டும் தலைமை ஏற்றுவிடும்.
ஒரே முகவரிக்கு இரண்டு பேர்.
அதற்காகவே தனி வழியில்
இன்னொரு கம்பி இழுத்திருக்கிறோம்.
அதில் வேறெதுவும் போகாது,
அந்த ஒரு கேள்வியைத் தவிர.

குணாளன் லாரியோடு
டிரைடனுக்கும் இக்னஸுக்கும் நடுவே எங்கோ.
அங்கே டவர் கிடையாது.
கடைசிச் செய்தி பதினொன்று நாற்பதுக்கு.
எங்களுக்கு இரண்டாவது கம்பி இல்லை.

படிவத்தில் 'பாதிக்கப்பட்டவர்கள்: எவருமில்லை' என்று எழுதி
ரோமெலிடம் கொடுத்தேன்.
வாகன நிறுத்தத்தில்
இரவெல்லாம் எஞ்சினைச் சூடாக வைத்திருந்த வயரை
காரின் மூக்கிலிருந்து உருவினேன்.
ரப்பர் விறைத்துக் குச்சிபோல் நின்றது.

கையுறையைக் கழற்றி, போனில்
இருக்கிறாயா என்று தட்டினேன்.
அழித்தேன்.
விரல் மரத்துப்போவதற்குள்
சாப்பிட்டாச்சா
என்று அனுப்பினேன்.