மடியளவு

ஸ்திராஸ்பூர்க்கில் என் தையல்கடைக்குக்
கையில் சட்டையோடு வந்தான் லெப்டினன்ட் ஷ்னெபெலன்.
கொடியைப் பிரித்துவிட்டுப்
பன்னிரண்டு நட்சத்திரம் வைத்துத் தைக்கணுமாம்.
"சட்டம் இன்னும் வரலை. வந்துவிடும்."

நூல் பிரித்தேன்.
கொடி இருந்த இடம் மட்டும்
வெயில் காணாத பச்சை.
நட்சத்திரப் பட்டை அதைவிடச் சிறிசு,
எப்படி வைத்தாலும் ஓரம் தெரிகிறது.

எட்டு யூரோ. மீதி வேண்டாமென்றான்.

கடை பூட்டி டிராமுக்கு நடக்கையில்
ரெபுப்ளிக் சதுக்கத்தில் அந்தக் கல்தாய்.
மடியில் இரண்டு பிள்ளைகள்;
ஒருவன் இந்தப் படை, மற்றவன் அந்தப் படை.
எந்தச் சட்டை போடுவதென்று தெரியாமல்
அம்மணமாகவே செதுக்கிவிட்டார்கள்.

ஒரே துணி என்றால் எனக்கு வேலை சுலபம்.
அவளுக்கு?
ஒரு பிள்ளை எழுந்து போவானா,
மூன்றாமவன் வந்து படுப்பானா?

கழுத்தில் அளவு நாடா.
கழற்றாமலே வந்திருக்கிறேன்.