ஒன்பதாம் பக்கம், இடது மூலை

இரவு பதினொன்றே கால்.
ஆமர் வீதியில் லொறிகள் அடங்கிவிட்டன.
விளம்பரக்காரர் கடைசி நேரத்தில் கைவிரித்ததால்
ஒன்பதாம் பக்கத்தில் இடது மூலை காலி.
"ஏதாவது போடுங்க அண்ணன், நூற்றிருபது சொல்"
என்கிறாள் பக்கம் கட்டும் பஸ்லியா.

வெளிநாட்டுச் செய்திக் குவியலில்
ஒரு போர் விமானம் கிடக்கிறது.

வரைபலகையிலிருந்து வானத்துக்கு வர
இருபது வருடம் எடுத்ததாம்.
அதற்குள் வரைந்தவர்களில் பாதிப்பேர் பென்சன் எடுத்தார்கள்,
சொன்ன செலவு இரண்டு தடவை குட்டி போட்டது.
ஒன்றின் விலை எட்டுக் கோடி டொலர்.
ரூபாயாக்கினேன்:
இருபத்து நான்கு, பின்னால் ஒன்பது பூச்சியங்கள்.
ஒற்றைப் பத்தியின் அகலத்துக்குள் அடங்கவில்லை.
எழுத்தைச் சிறிதாக்கினாள் பஸ்லியா.
அப்போதும் கடைசிப் பூச்சியம்
அடுத்த வரியில் போய்த் தனியாகக் குந்தியது.

தலைக்கவசம் ஒவ்வொரு தலைக்கும் அளவெடுத்துச் செய்வதாம்.
அதைப் போட்டுக்கொண்டு குனிந்தால்
காலடியில் விமானம் இல்லாமல் போய்க்
கடல் தெரியுமாம்.
உடம்புக்கு ஒரு பூச்சு;
மழை ஆகாது, உப்புக்காற்று ஆகாது
(கொழும்பில் ஒரு மாதம் தாங்காது,
என் சைக்கிளைக் கேளுங்கள்).
ஒரு மணிநேரம் பறக்கத்
தரையில் பல மணிநேரப் பராமரிப்பு.

இவ்வளவும்
ஒரு வீட்டளவு உலோகம்
ராடார்த் திரையில்
ஒரு போளை அளவு தெரிவதற்கு.

'ஸ்டெல்த்'துக்குத் தமிழ் தேடினேன்.
மறைவு என்றால் யாரோ செத்தமாதிரி.
களவு என்றால் சங்ககாலத்துக் காதல்.
கரவு என்றேன், பஸ்லியா முகம் சுளித்தாள்.
ஒளி என்று எழுதிப் பார்த்தேன்.
வெளிச்சமும் அதுதான்,
பதுங்கு என்ற ஏவலும் அதுதான்.
அழித்தேன்.

சூத்திரம் எளிது என்கிறது செய்தி:
வரும் அலையை வந்த திசைக்கே அனுப்பாதே,
சரித்து வேறெங்காவது தள்ளு.
ஆயுதத்தை இறக்கைக்கடியில் தொங்கவிடாதே,
வயிற்றுக்குள் வை.

கை நின்றது.
எனக்கு இது தெரியும்.

இரண்டாயிரத்து எட்டில்
எங்கள் பத்திரிகையைச்
சிங்களப் பத்திரிகைக்குள் மடித்துவைத்துத்தான்
நூறாம் இலக்க பஸ்ஸில் ஏறுவேன்.
காவலரணில் எங்கே போகிறாய் என்ற அலை வந்தால்
மழைக்கோ கிரிக்கெட்டுக்கோ சரித்துவிடுவேன்.
ஊர்ப்பெயர் வயிற்றுக்குள் இருந்தது.
மெய்ப்புப் பார்த்த தவமலர்
ஸ்டிக்கர் பொட்டை உரித்து
அடையாள அட்டையின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு வருவாள்,
கந்தோருக்குள் வந்ததும் திரும்ப நெற்றிக்கு.
ஆறடி ஆளைப் போளையாக்க
இருபது வருடம் தேவைப்படவில்லை.
வெளியே ஒரு மணிநேரம் போய்வரப்
பல மணிநேரப் பராமரிப்பு, அது மட்டும் உண்மை.

பிறகொரு இரவு
நகரம் முழுக்க விளக்கணைத்தது.
சின்ன விமானம், ஒற்றைக் காற்றாடி என்றார்கள்.
அச்சு இயந்திரம் பாதிப் பக்கத்தோடு நின்றது.
துறைமுகப் பக்கம் சிவப்புப் புள்ளிகள்
வரிசையாய் மேலே ஏறின.
மாடிப்படியில் நான், தவமலர்,
கீழ்ப்படியில் காவலாளி சுமணபால.
மூன்று பேரும் பயந்தோம்,
யாருக்காக என்று ஒருவரை ஒருவர் கேட்கவில்லை.
இருட்டில் ஒரு பிஸ்கட் பக்கெட் மட்டும்
கைமாறிக்கொண்டிருந்தது.

"அண்ணன், நேரம்."
ராடாருக்குச் சிக்காத என்று போட்டேன்.
ஒரு சொல்லுக்கு இரண்டு சொல்.
பரவாயில்லை.

காலை பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர்
எங்கள் பத்திரிகையை முழு அகலத்துக்கு விரித்து
எச்சில் தொட்டுப் புரட்டுகிறார்.
அவருடைய முழங்கை என் விலாவில்.
ஒன்பதாம் பக்கம், இடது மூலை.
எட்டிப் பார்த்தேன்.
ஒரு பூச்சியம் விடுபட்டிருந்தது.
இரண்டாயிரத்து நூற்றறுபது கோடி ரூபாய்
ஒரு திரையிலும் படாமல்
போயிருந்தது.

மத்தியானம் வரை விழித்திருந்தேன்.
ஒருவரும் டெலிபோன் எடுக்கவில்லை.