ஒற்றைக்கு

"ஒற்றைக்கோ?" என்றான் லீனஸ்,
பணத்தை இரண்டாம் முறை எண்ணிக்கொண்டே.
ஆமாம் என்றேன்.
மினிலாரிக்காரன் நாலாயிரம் கேட்கிறான்,
காற்று ஒன்றும் கேட்கவில்லை.
அவன் சிரிக்கவில்லை.
"கேக்கும்" என்றான்.

பதினாறடி வள்ளம்.
அடியில் இரண்டு இடத்தில் ஃபைபர் ஒட்டு.
பாய், யாரோ கல்யாணத்துக்கு அடித்த ஃப்ளெக்ஸ் பேனர்.
மாப்பிள்ளையும் பெண்ணும் தலைகீழாய்த் தொங்க
விழிஞ்ஞத்திலிருந்து நாலு மணிக்கு
கரைக்காற்றில் இறங்கினேன்.
துறைமுகத்துக் கிரேன்கள்
விடிந்து வெகுநேரம் முதுகுக்குப் பின்னால் நின்றன,
கடன் கொடுத்தவர்கள் மாதிரி.

ஒற்றை ஆள் என்றால் என்னவென்று
மூத்திரம் முட்டியபோதுதான் விளங்கியது.
ஒரு கையில் துழவை, மறு கையில் தாமான் கயிறு.
கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு எழுந்தேன்.
அந்த நேரம் பார்த்து
எங்கோ போன கப்பலின் அலை வந்து சேர்ந்தது.
பல் ஆடியது.
பாய் ஆடவில்லை.

பத்து மணிக்கு மேல் கச்சான் எழுந்தது.
வள்ளம் கரைப்பக்கம் சாய,
கடல்பக்க விளிம்பில் உட்கார்ந்து
முதுகைத் தண்ணீருக்குக் கொடுத்தேன்.
எடையைக் குறைக்கச் சொன்ன டாக்டரை நினைத்தேன்.
இன்னும் பத்து கிலோ இருந்திருக்கலாம்.

பூவாற்றுப் பொழி திறந்திருந்தது.
பச்சைக்கும் பழுப்புக்கும் நடுவே
அடித்துவைத்த நூல்போல ஒரு கோடு.
தாண்டியதும் அலைக்கு நடை மாறிவிட்டது:
குட்டையாய், அடுத்தடுத்து,
ஒன்றின் குதிகாலை ஒன்று மிதித்து.
முழங்கால் நனையத் தண்ணீர் உள்ளே.
குனிந்து இறைத்தால் ஓட்ட ஆள் இல்லை,
ஓட்டினால் இறைக்க ஆள் இல்லை.
காலால் வாளியை இழுத்து
ஐந்து அலைக்கு ஒரு வாளி என்று
கடலோடு பேரம் பேசினேன்.
ஆறாவது அலை
பேச்சில் கலந்துகொள்ளவே இல்லை.

எல்லையை எப்போது கடந்தேன், தெரியாது.
கால்சட்டைப் பையில் போன் துடித்தது.
ஜெர்லினாக இருக்கும்.
எடுக்க எனக்குக் கை இல்லை.

நீரோடி.
எங்கள் ஊர் முன்னால் மணல் இல்லையென்று
எனக்குத் தெரியாதா என்ன?
ஆனால் பத்து வருஷமாய் விசைப்படகில் போய்
துறைமுகத்தில் இறங்கி
பைக்கில் வீட்டுக்கு வந்தவன் நான்.
கல்சுவரைக் கரையிலிருந்தே பார்த்திருந்தேன்,
அது முதுகு.
இப்போது முகம்.
போன அலை முட்டித் திரும்பி
வருகிற அலையோடு மோதி
ஆள் உயரத்துக்கு வெள்ளையாய் நின்று விழுந்தது.
மேலே ஜெர்லின், நைட்டிக்கு மேல் துண்டோடு,
கையை ஆட்டினாள்.
வா என்பதற்கும் வராதே என்பதற்கும்
அவ்வளவு தூரத்தில் ஒரே ஆட்டம்தான்.

பாயை இறக்கினேன்.
மாப்பிள்ளையும் பெண்ணும் மடிந்து
என் காலடியில் கிடந்தார்கள்.
காற்று செத்துக்கொண்டிருந்தது.
வந்த வழியே, பொழியூருக்கு,
ஒன்றரை மணிநேரம் துழவினேன்.
அங்கே இரண்டு கல்வரிசைக்கு நடுவே
ஒரு பந்தல் அகலம் மணல் மிச்சம்.
பெரியது மூன்று போகட்டும் என்று காத்தேன்.
மூன்று போனது.
நாலாவது பெரியதும் போனது.
பிறகு காத்திருக்கத் தோளில் தெம்பு இல்லாததால்
உள்ளே விட்டேன்.
திறமை என்று சொல்லமாட்டேன்.
கடல் அந்த நொடி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

முன்பின் தெரியாத நாலுபேர் ஓடிவந்து இழுத்தார்கள்.
ஒருவன் வள்ளத்துக்குள் எட்டிப் பார்த்து,
பின் கடலைப் பார்த்து, "ஒற்றைக்கோ?" என்றான்.
நாக்கு உப்பில் ஒட்டிக் கிடந்தது.

துழவையைத் தோளில் போட்டு
ரோட்டு வழியே அடுத்த மாநிலத்துக்கு நடந்தேன்,
இருபத்தைந்து நிமிஷம்.
"வள்ளம் எங்க?"
"கேரளாவில."
"அப்போ என்னத்த வாங்கிட்டு வந்தீங்க?"

ராத்திரி படுத்ததும்
கட்டில் கரைப்பக்கம் சாய்ந்தது.
நான் விளிம்புக்கு நகர்ந்து
முதுகை வெளியே கொடுத்தேன்.
"விழப்போறீங்க" என்றாள் ஜெர்லின் இருட்டில்.
இல்லை, நீ அசையாமல் இரு என்றேன்.